அறுபதாம் கல்யாண கேக்கில் மிட்டாய்ப் பூக்கள்: தூத்துக்குடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடியில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு, ஒரு நவம்பர் கடைசியில், அறுபதாம் கல்யாண கேக் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. காலையில் ஹோமமும் மாங்கல்யதாரணமும். சாயங்காலம் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். அங்கே வெட்டுவதற்கு நான்கு கிலோவில் இரண்டடுக்கு கேக். ஆர்டர் கொடுத்தவர் தம்பதியின் மூத்த மகள். "வீட்ல எல்லாரும் சைவம், அதனால முட்டை கூடாது" என்பது அவர் சொன்ன முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை பூவைப் பற்றியது. கேக்கின் மேல் பூ வேண்டும், ஆனால் நிஜப் பூ வேண்டாம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் கேக்கைச் சுற்றி அரளிப்பூ செருகியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அரளியில் வேர் முதல் பூ வரை எல்லாமே விஷம். அழகாக இருக்கிறதே என்று யாரோ தெரியாமல் வைத்துவிட்டார்கள். "பேரப்பிள்ளைங்க பூவைத்தான் முதல்ல கேக்கும். எடுத்துச் சாப்பிடுற மாதிரி இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

கேக் செய்பவர் என்னிடம் சில மாதங்கள் சர்க்கரைப் பூ வேலை கற்றவர். விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, "அக்கா, பூ நிக்கவே மாட்டேங்குது" என்று போன் செய்தார். அதிலிருந்து கேக் வெட்டி முடியும்வரை நான் கூடவே இருந்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் கடைகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

ஏன் மிட்டாய்

ஃபாண்டன்ட், கம் பேஸ்ட் என்ற சர்க்கரை மாவுகளில் செய்யும் பூக்கள் பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் காய்ந்ததும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். எந்த விழாவிலும் அவை தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடப்பதைத்தான் பார்க்கிறோம். சாப்பிடும் பூ என்று கேட்டவருக்கு அதைக் கொடுப்பது சரியாகாது. அதனால்தான் மென்மையான மிட்டாயில் செய்யலாம் என்று கேக் செய்பவர் முடிவெடுத்தார்.

நிறத்துக்காகவும் மிட்டாய் பொருத்தமாகப் பட்டது. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு ரோஸ் கலரில் எதைப் பார்த்தாலும் தாய்மார்கள் இரண்டு தடவை யோசிக்கிறார்கள். அந்த மகளும் கேட்டார். மிட்டாயில் நிறம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், எந்த நிறமி என்று உறையிலும் அச்சிட்டிருக்கும், வீட்டில் நாம் தனியாக எதையும் கலக்க வேண்டியதில்லை. இந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி.

கேட்டது 18 ரோஜா, நடுவில் வைக்க ஒரு தாமரை.

ஒரு ரோஜா உருவாகும் விதம்

செய்து பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு ரோஜாவுக்கு மூன்று மிட்டாய் போதும். உறையைப் பிரித்து மைக்ரோவேவில் நான்கைந்து வினாடி வைத்தால் மிட்டாய் இளகும். அதற்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே சர்க்கரை கொதித்துக் கையைச் சுட்டுவிடும். பொறுமை இருந்தால் உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்திவைத்தாலே போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இளகிய மிட்டாயை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, சர்க்கரை தூவி, சப்பாத்திக் கட்டையால் தேய்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் வந்ததும் இதழுக்கு ஏழெட்டுத் துண்டு வெட்டிக்கொள்ளலாம். முதல் துண்டை வெற்றிலை மடிப்பது போல இறுக்கிச் சுருட்டினால் மொட்டு. மற்ற துண்டுகளின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி மெல்லிசாக்கி, லேசாக வெளிப்பக்கம் மடக்கி, ஒன்றின் பாதியை இன்னொன்று மூடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே வரவேண்டும். பசை எதுவும் வேண்டாம், மிட்டாய் தன்னாலேயே ஒட்டிக்கொள்ளும். கடைசியில் அடியைத் திருகி, கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டால் பூ உட்காரும். விளிம்பில்தான் உயிர் இருக்கிறது. விளிம்பு தடித்திருந்தால் அது முட்டைக்கோஸ் மாதிரித்தான் தெரியும்.

அவர் செய்த முதல் ரோஜாவுக்கு இருபது நிமிடம் ஆனது. பத்தாவது ரோஜாவை எட்டு நிமிடத்தில் முடித்தார்.

ஆறு நாளுக்கு முன்: சுருங்கிய இதழ்

போன் வந்த அன்று சாயங்காலமே போனேன். சாப்பாட்டு மேஜையில் பத்துப் பன்னிரண்டு இதழ்கள் கிடந்தன. தேய்க்கும்போது நன்றாக விரிகிறது, கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி பழைய அளவுக்கே சுருங்கிக்கொள்கிறது என்றார். தேய்க்கும் விதத்தில்தான் தப்பு என்று நினைத்து முந்தின நாள் முழுக்க அதே வேலையாக இருந்திருக்கிறார்.

ஒரு துண்டை இழுத்துப் பார்த்தேன். நன்றாக நீண்டது, விட்டதும் திரும்பி வந்தது. இப்படித் துள்ளுவது ஜெலட்டினின் குணம். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் சேர்த்த ஜெல்லி மிட்டாய் இழுத்தால் பிட்டுக்கொண்டு வரும், இந்த மாதிரி நீளாது. ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. வீட்டில் எல்லாரும் சைவம் என்று சொன்னவர்களுக்குத்தான் இந்த கேக்.

உறையைக் கேட்டேன். உறை இல்லை. மொத்தக் கடையில் பாட்டிலிலிருந்து எடைக்கு அள்ளிக் கொடுத்த உதிரி மிட்டாய் அது. மறுநாள் காலை இருவரும் கடைக்குப் போனோம்.

"அண்ணாச்சி, இந்த மிட்டாய் வந்த பெட்டி இருக்கா?"

"பெட்டிய நேத்தே எடைக்குப் போட்டாச்சேம்மா. பிரிக்காத பாட்டில் ஒண்ணு உள்ள கிடக்கு, எடுத்துத் தாரேன்."

அந்தப் பாட்டிலின் பின்பக்கம், பார்கோடுக்கு அடியில், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தது. நம் நாட்டில் அசைவத்துக்கான குறி அது. பச்சை வட்டம் இருந்தால் சைவம். பொருள் பட்டியலிலும் ஜெலட்டின் என்று தெளிவாகவே போட்டிருந்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை, தயாரித்தவர்களும் மறைக்கவில்லை. உதிரியாக வாங்கிய இடத்தில்தான் தகவல் அறுந்துபோனது. முட்டை இல்லை என்பதில் மட்டும் நம் கவனம் நின்றுவிட்டது, அலங்காரத்துக்கு வாங்கியதை யாரும் பார்க்கவில்லை. அந்த இதழ்கள் ஒழுங்காக விரிந்திருந்தால் நாங்கள் கடைசிவரை சந்தேகப்பட்டே இருக்க மாட்டோம். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் உள்ளே கனக்கிறது.

அதுவரை செய்த பூக்கள் அனைத்தையும் ஒதுக்கினோம். மகளுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொல்ல வேண்டும் என்றேன். கேக் ஆர்டரே போய்விடுமோ என்று கேக் செய்பவர் முதலில் தயங்கினார், பிறகு சொன்னார். "இப்பவே சொன்னீங்களே, அது போதும்" என்று மட்டும் மகள் பதில் சொன்னார்.

ஐந்தாம் நாள்: மாற்று தேடியது

முதலில் கடற்பாசி. சைனா கிராஸ் என்று கடைகளில் கிடைக்கும் அகர் அகர் சைவம், வெயிலுக்கும் தாங்கும். ஜெலட்டின் ஏறக்குறைய உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். அகர் ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி பக்கம் போனால்தான் உருகும். சர்க்கரைப் பாகில் காய்ச்சித் தட்டில் மெல்லிசாக ஊற்றி இதழ் வெட்டினோம். மடக்கினால் முறிந்தது. ஒரு மணி நேரத்தில் தட்டில் தண்ணீரும் விட்டிருந்தது. அதை அத்தோடு விட்டோம்.

பெக்டின் ஜெல்லி மிட்டாய் அடுத்தது. உறையில் பெக்டின் என்றோ, ஜெல்லாக்கும் பொருள் 440 என்றோ போட்டிருக்கும். சர்க்கரையில் புரட்டித் தேய்த்தால் விரிந்தது, சுருங்கவில்லை. சின்னப் பூவுக்கு நல்ல பொருள். ஆனால் விளிம்பை மெல்லிசாக்கினால் கிழிந்தது.

மூன்றாவது, பழச்சுவை உள்ள மெல்லும் மிட்டாய். சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ் என்ற கெட்டிப் பாகு, தாவரக் கொழுப்பு சேர்ந்தது. இந்த வகையிலும் சில தயாரிப்புகளில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள், அதனால் நான்கு உறைகளைப் படித்துப் பார்த்து, பச்சை வட்டம் உள்ளதாக, பட்டியலில் ஜெலட்டின் இல்லாததாக ஒன்றை எடுத்தோம். கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. அழுத்திய இடம் அழுத்தியபடி நின்றது. ரோஜாவுக்கு இதுதான் என்று முடிவானது.

தாமரை இதழ் பெரியது, மெல்லும் மிட்டாயில் செய்தால் தன் கனத்தாலேயே சாய்ந்துவிடும். அதற்கு மட்டும், கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த ஒயிட் கம்பவுண்ட் சாக்லேட்டில் லிக்விட் குளுக்கோஸ் கலந்து பிசையும் மாவைத் தேர்ந்தெடுத்தோம். 300 கிராம் கம்பவுண்டை உருக்கி, வெதுவெதுப்பான குளுக்கோஸ் 90 கிராம் ஊற்றி, ஏழெட்டுத் தடவை மட்டும் கிண்டி நிறுத்த வேண்டும். அதிகம் கிண்டினால் எண்ணெய் பிரிந்துவிடும். ஒரு ராத்திரி மூடிவைத்துப் பிசைந்தால் களிமண் பதம் வரும். இளஞ்சிவப்புக்கு, சாக்லேட்டுக்கென்றே விற்கும் எண்ணெய் சார்ந்த நிறம் ஒரு துளி. நிறம் எதுவும் கலக்க வேண்டியிருக்காது என்று முன்பு சொல்லியிருந்ததால், இதையும் மகளுக்குச் சொல்லி, டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினோம்.

நான்காம் நாள்: வியர்த்த பூக்கள்

பொருள் சரியாகிவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்தோம். சோதனைக்காக ஒரு சின்ன கேக்கில் விப்பிங் கிரீம் பூசி, இரண்டு ரோஜா வைத்து, ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தார். இன்னொரு ரோஜாவைச் சமையலறை மேடையில் தட்டில் திறந்தே வைத்தார்.

காலையில் தட்டில் இருந்த ரோஜா பளபளவென்று வியர்த்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் பாகு கசிந்து கிடந்தது. ஃபிரிட்ஜில் இருந்தவை பார்க்க நன்றாக இருந்தன. ஆனால் வெளியே எடுத்து வைத்த இருபது நிமிடத்தில் அவற்றின் மேல் முத்து முத்தாக நீர் கோத்தது. பூவைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளைக் கிரீமில் சிவப்பு வட்டம், ஈர மண்ணில் மருதாணி கரைந்த மாதிரி.

மூன்றுக்கும் காரணம் ஈரம்தான், வந்த வழிதான் வேறு. மெல்லும் மிட்டாய் வகையைப் பொறுத்து, காற்றின் ஈரப்பதம் சுமார் 50 முதல் 65 சதவீதம் இருக்கும்வரை தன் நிலையில் இருக்கும். அதைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுக்கும். என் சின்ன ஈரப்பத மானி அன்று அந்தச் சமையலறையில் 81 காட்டியது. கடற்கரை ஊர், வடகிழக்குப் பருவமழை, கேட்கவே வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து வந்த பூ குளிர்ந்திருந்ததால், குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரி காற்றின் ஈரம் அதன் மேல் படிந்தது. கிரீமில் இருக்கும் தண்ணீரோ அடிவழியாக மிட்டாய்க்குள் ஏறியது, நிறம் கிரீமுக்குள் இறங்கியது.

பக்கத்துத் தெருவில் பல வருஷம் மக்ரூன் போட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். தூத்துக்குடி மக்ரூனும் மழைக்காலத்தில் காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும். பேக்கர் அவரிடம் போய்க் கேட்டார். "மக்ரூனை எப்படி வைப்போமோ அப்படி வைம்மா. தகர டின், இறுக்கமான மூடி, தேவைப்படும்போது மட்டும் திற" என்றார். அந்த ஊர்க்காரர்களுக்கு இது கைப்பழக்கம். நான் மானியைக் காட்டிச் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எடுத்த முடிவுகள்

பூக்கள் ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது, இது முதல் முடிவு. கேக் உள்ளே, பூ வெளியே. செய்து முடித்த ஒவ்வொரு ரோஜாவையும் பட்டர் பேப்பர் விரித்த டின்னில் அடுக்கி, உணவுப் பொருளுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மூடியின் உட்புறம் ஒட்டினோம். பூவில் படக் கூடாது, பிள்ளைகள் கைக்கும் போகக் கூடாது என்பதால் எண்ணி வைத்து எண்ணி எடுத்தோம்.

அடுத்து, பூவும் கிரீமும் தொடக் கூடாது. பட்டர்கிரீமுக்கு மாறிவிடலாமே என்று நான் சொன்னேன். அந்த வீட்டில் யாருக்கும் பட்டர்கிரீம் பிடிக்காது, விப்பிங் கிரீம்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் மறுத்தார். அவர் சொன்னது நியாயம். அதனால் ஒவ்வொரு ரோஜாவின் அடியையும் உருக்கிய ஒயிட் கம்பவுண்டில் தோய்த்து உலர்த்தினோம். கூடவே, அதே சாக்லேட்டில் மெல்லிய வட்டத் தகடுகள் வார்த்து, அவற்றின் மேல்தான் பூக்களை அடுக்குவது என்று வைத்துக்கொண்டோம். கொழுப்பு நீரை உள்ளே விடாது.

கம்பி, செயற்கைத் தண்டு எதுவும் கேக்குக்குள் போகவில்லை. டூத்பிக்கூட வேண்டாம் என்றேன், பிள்ளைகள் பூவைப் பிடுங்குவார்கள் என்பது முன்பே தெரியும்.

பூ வைக்கும் நேரம், கேக் வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, மண்டபத்தில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது. ஏ.சி. காற்றின் ஈரத்தையும் குறைக்கும் என்பதால் அந்த ஒரு மணி நேரம் பூ தாங்கும் என்று கணக்குப் போட்டோம்.

விழா நாள்

ஐந்தரை மணிக்கு மண்டபத்துக்குப் போனோம். ஆறரைக்கு வெட்டுவதாக ஏற்பாடு. ஹாலில் ஏ.சி. ஓடவில்லை. விருந்தினர் வர ஆரம்பித்த பிறகுதான் போடுவது வழக்கம் என்றார் மண்டபத்து ஆள். காலையில் ஹோமம், மத்தியானம் இருநூறு பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு, தரை கழுவியது எல்லாம் சேர்ந்து மானியில் 79. நாங்கள் ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டோமே தவிர, எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேட்கவில்லை.

டின்னைத் திறக்கவில்லை. கேக்கை மட்டும் மேஜையில் வைத்து, தாமரையை நடுவில் உட்காரவைத்தோம். ஆறேகாலுக்கு ஏ.சி. ஓடத் தொடங்கியது. அதற்குள் தாமரையின் வெளி இதழ்கள் இரண்டு சூட்டில் தளர்ந்து, நன்றாக மலர்ந்த பூ மாதிரி வெளியே சாய்ந்துவிட்டன. பார்த்தவர்கள் அதுதான் அழகு என்றார்கள். எங்களுக்குத்தான் அது சரிவு என்று தெரியும். தம்பதி கோயிலுக்குப் போய்த் திரும்ப நேரமானதால் கேக் வெட்டியது ஏழு இருபதுக்கு. ரோஜாக்களை ஆறரைக்குப் பிறகே டின்னிலிருந்து எடுத்ததால் அவை தாங்கின. லேசாக மினுங்கின, அவ்வளவுதான்.

இரண்டு ரோஜாக்கள் மட்டும் கறைவிட்டன. தகடு போதாமல் கடைசி நேரத்தில் நேராகக் கிரீமின் மேல் வைத்தவை அவை. அடியில் பூசிய சாக்லேட் ஒரு பக்கம் உரிந்திருந்ததைக் கேக்கை வெட்டிய பிறகுதான் கவனித்தோம்.

பிறகு நடந்தது

பதினெட்டு ரோஜாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மஞ்சள் ரோஜாவுக்குப் பேரன்களுக்குள் சண்டையே வந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று முழுப் பூவைக் கையில் வைத்திருந்தது. மெல்லும் மிட்டாய் சின்னக் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கலாம் என்று அதன் அம்மாவிடம் சொல்லி வாங்கி, இதழ் இதழாகப் பிய்த்து, பயறு அளவுக்கு நறுக்கிக் கொடுத்தோம். அந்த வயதுக்கு அதையும் கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் சற்றும் யோசிக்காத ஒன்று பந்தியின் மறுபக்கம் நடந்தது. தம்பதியின் வயதை ஒத்த உறவினர்கள் பலருக்குப் பல்செட். ஆசையாக ரோஜாவைக் கடித்த ஒரு ஆச்சிக்கு மிட்டாய் பல்செட்டில் அப்பிக்கொண்டு, செட்டே கழன்று வந்துவிட்டது. காயம் ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை பேர் நடுவில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்துபோனார். அறுபதாம் கல்யாணத்துக்கு யார் யார் வருவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? குழந்தைகளை நினைத்தே பூவைச் செய்தோம், பெரியவர்களை மறந்துவிட்டோம். மறுநாள் பேக்கர் அந்த ஆச்சி வீட்டுக்குப் போய், தாமரைக்குச் செய்த சாக்லேட் மாவில் ஒரு ரோஜா செய்து கொடுத்துவிட்டு வந்தார்.

மகள் பணத்தை முழுதாகக் கொடுத்தார். ஜெலட்டின் விஷயத்தில் முன்கூட்டியே சொன்னதற்காகவே இனி எல்லா விசேஷத்துக்கும் இங்கேதான் என்றாராம்.

இனி மாற்றுவது

பேக்கரின் ஆர்டர் நோட்டில் இப்போது சில கேள்விகள் கூடியிருக்கின்றன. சைவமா என்பது கேக்குக்கும் அலங்காரத்துக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. உதிரி மிட்டாய் வாங்குவதை அவர் நிறுத்திவிட்டார். உறையைப் படம் எடுத்து ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார். வருகிறவர்களில் நான்கு வயதுக்குக் கீழே எத்தனை பேர், வயதானவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கிறார். பெரியவர்கள் அதிகம் என்றால் பூக்களில் பாதி சாக்லேட் மாவில், வாயில் தானாகக் கரைகிற மாதிரி.

தகடுகளைத் தேவைக்கு மேல் நான்கைந்து வார்த்துக்கொள்வது, அடியில் சாக்லேட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தோய்ப்பது, தாமரையின் வெளி இதழ்களுக்குள் சாக்லேட் துண்டு ஒன்றை முட்டுக் கொடுப்பது, இவையெல்லாம் கைவேலைத் திருத்தங்கள். பெரிய மாற்றம் மண்டபத்தைப் பற்றியது. அடுத்த ஆர்டர் மார்கழியில், கடற்கரையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் சாயங்காலமே போய், கேக் மேஜை போடும் இடத்தில் ஒரே ஒரு ரோஜாவைத் தட்டில் வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர மண்டபத்துக்காரரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். நானும் மானியை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.